சிறு கல்லூரி அறங்காவலர்களுக்கு: டெபாசிட் கேட்கும் முன் கணக்கைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கல்லூரி நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு கல்லூரிக்கு மட்டும் ஏற்கனவே ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. அதில் இரண்டு வரி நன்றி. அதனால் இந்த முறை தமிழில். நீங்கள் படிக்காவிட்டாலும் போகட்டும், அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்க்கப் பணம் கட்டப்போகிற நம்மவர்கள் நாலு பேர் படிப்பார்கள்.

என் மகள் 2018-இல் இல்லினாயில் அப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். பெயர் வேண்டாம். பள்ளி டென்னிஸ் போட்டியில் அவள் ஆடியதைப் பார்த்த கோச் வீட்டுக்கே போன் செய்தார். செய்தியைத் திருநெல்வேலியில் இருக்கும் சித்தப்பாவிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "ஸ்போர்ட்ஸ் கோட்டாவா? அப்ப ஃபீஸ் கிடையாதுல்ல?" என்றார். "இல்ல சித்தப்பா, இங்க ஃபீஸ் கட்டுறதுக்குத்தான் ஸ்போர்ட்ஸு" என்றேன். நான் விளையாட்டாய்ச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். ஆனால் உங்கள் வரவு செலவு முழுவதும் அந்த ஒரு வரியில் அடக்கம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அது கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்து வைத்திருக்கிறது; உங்களில் பலர் மூன்றாவதில். டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தரக் கூடாது என்பது அதன் விதி. டிவி உரிமைப் பணமும் உங்கள் பக்கம் வருவதில்லை. டிக்கெட் வசூல் பாப்கார்ன் செலவுக்குக் காணும். அப்படியிருந்தும் 20 அணி, 25 அணி வைத்திருக்கிறீர்கள். ஏன்? ஆடுவதற்கு ஓர் இடம் கிடைத்தால் பிள்ளை வருவான். வந்தால் கட்டணம் கட்டுவான், டார்மில் தங்குவான், உங்கள் கேன்டீனில் சாப்பிடுவான். பல சிறு கல்லூரிகளில் மூன்றில் ஒரு மாணவர், சிலவற்றில் பாதிப் பேர், ஏதோ ஓர் அணியில் இருப்பவர்தான். உங்கள் கோச்சுகளுக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கே இருக்கிறது. இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு இருப்பது போல.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. மிச்சிகனில் ஏட்ரியன் கல்லூரி 2005-க்குப் பிறகு புதிது புதிதாக அணிகளைச் சேர்த்தே மாணவர் எண்ணிக்கையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. நல்ல வழிதான். ஆனால் அணியை நம்பி வந்தவனிடம் அணியும் கல்லூரியும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. நான் சொல்ல வந்ததே அதுதான்.

2020 மார்ச் 12 அன்று மகள் வேனில் போய்க்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரப் பயணம்; ஓட்டியது கோச்தான். பாதி வழியில், ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கும்போது, அந்தக் கல்வியாண்டில் மிச்சமிருந்த சாம்பியன்ஷிப் எல்லாமே கொரோனாவால் ரத்து என்று என்.சி.ஏ.ஏ. அறிவித்தது. வேனைத் திருப்பினார்கள். அடுத்த வாரம் டார்மைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் காரோடு போயிருந்தேன். கோச் முகக்கவசத்துக்குப் பதில் கழுத்துத் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு, புதிதாக நரம்பு மாற்றிய அவளுடைய ராக்கெட்டைக் கார் ஜன்னல் வழியாக நீட்டினார். "ஆகஸ்டில் பார்ப்போம்" என்றார். கோர்ட்டில் வலை அப்படியே கட்டியிருந்தது.

நீங்களும் அந்த வாரம் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். பாதி செமஸ்டருக்கு டார்ம், சாப்பாட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. கொரோனா நிவாரணத்துக்காக அமெரிக்க அரசு போட்ட கேர்ஸ் சட்டத்தில் உயர்கல்விக்கு வந்த சுமார் 1,400 கோடி டாலரில், ஒரு கல்லூரிக்குக் கிடைக்கும் பங்கில் பாதியாவது நேரே மாணவர்களுக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை. செய்தித்தாள்கள் அப்போது எழுதியதெல்லாம் பெரிய கல்லூரிகளின் கதை: என்.சி.ஏ.ஏ. டிவிஷன் 1-க்குப் பிரித்துத் தரும் 60 கோடி டாலர் 22.5 கோடியாகச் சுருங்கியது என்று. அது உங்களைத் தொடவே இல்லை. போட்டி நடக்காததால் அவர்கள் பணத்தை இழந்தார்கள். ஆடும் பிள்ளை வராமல் போனால்தான் நீங்கள் பணத்தை இழப்பீர்கள். 2020 ஆகஸ்ட் 5 அன்று டிவிஷன் 3-இன் இலையுதிர்கால சாம்பியன்ஷிப்புகள் ரத்தான பிறகும் "பயிற்சி நடக்கும், வாருங்கள்" என்று பல கல்லூரிகள் கடிதம் அனுப்பியதன் சூட்சுமம் அது. எங்களுக்கும் ஒன்று வந்தது. அவள் போனாள். அந்த வருடம் முழுவதும் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டதுதான் அதிகம். ஆடிய போட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம் 2021 ஜூன். ஆண்கள், பெண்கள் இரண்டு டென்னிஸ் அணிகளையும் "நிதி நிலைமை காரணமாக" நிறுத்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல். ஏப்ரலில் கூடச் சொல்லவில்லை. மே 1-க்குள் இடத்தை உறுதிசெய்யும் டெபாசிட்டைக் கட்டி, வேறு கல்லூரிகளுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டு, டென்னிஸுக்காகவே வரவிருந்த புதுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே மின்னஞ்சல்.

சரி, நிதி நிலைமை என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் கட்டணம் 40,000 டாலர் என்று போட்டுவிட்டுப் பாதிக்கு மேல் தள்ளுபடி தருவது உங்கள் வழக்கம். ஆடித் தள்ளுபடியில் கூட இவ்வளவு கிடையாது. தள்ளுபடி போக, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு பிள்ளை 28,000 டாலர் கட்டுகிறது என்று கொள்ளுங்கள். மகளோடு ஆடிய 9 பேரில் 4 பேர் வேறு கல்லூரிக்கு மாறிப் போனார்கள். வருடத்துக்கு 1,12,000 டாலர். பகுதிநேர கோச்சின் சம்பளம், வேன் பெட்ரோல், பந்து, நரம்பு எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதி வருமா? வருவதைக் கல்விக்கட்டணக் கணக்கிலும் போவதை விளையாட்டுக் கணக்கிலும் எழுதினால் அணி எப்போதும் நஷ்டமாகத்தான் தெரியும். மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா இப்படிக் கணக்கு எழுதியிருந்தால் ஆறு மாதத்தில் கடையைப் பூட்டியிருப்பார்.

ஸ்டான்ஃபோர்டும் 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய மாணவர்கள் பணம் திரட்டினார்கள், வழக்குப் போட்டார்கள். 2021 மே மாதம் பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது. எங்கள் 9 பேருக்கு வக்கீலும் இல்லை, கோடீஸ்வரப் பழைய மாணவரும் இல்லை. இருந்தது ஒரு வாட்ஸ்அப் குழு.

எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட்டுவிடலாம் என்றும் சிலர் நினைக்கிறீர்கள். இல்லினாயில் 1846-இல் தொடங்கிய மேக்மர்ரி கல்லூரி, 2020 மார்ச் 27 அன்று மூடப்போவதாக அறிவித்தபோது ஒன்றை ஒளிக்காமல் சொன்னது: தொற்று நிலைமையை மோசமாக்கியது, ஆனால் அது முதன்மைக் காரணம் இல்லை. மாணவர் எண்ணிக்கை வருடக்கணக்கில் தேய்ந்திருந்தது, எண்டோமென்ட், அதாவது நன்கொடைகளால் சேர்த்து வைத்த மூலதன நிதி, போதவில்லை. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அது தெரியவந்த நாளில் பிள்ளைகள் ஏற்கனவே வீட்டில் இருந்தார்கள். அணி அணியாக நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

முன்கூட்டிச் சொன்னால் வதந்தி பரவும், வருகிற பிள்ளையும் வராது, தானாக மூடிவிடும் என்பீர்கள். பயம் புரிகிறது. ஆனால் மாசசூசெட்ஸைப் பாருங்கள். 2018-இல் மவுன்ட் ஐடா கல்லூரி திடுதிப்பென்று மூடியதில் சூடுபட்ட அந்த மாநிலம், 2019-இல் சட்டம் போட்டது: தனியார் கல்லூரிகளின் நிதியை அரசு வருடாவருடம் பார்க்கும், ஆபத்து இருந்தால் மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 2021 மார்ச் தொடக்கத்திலேயே பெக்கர் கல்லூரி நிற்குமா என்பது சந்தேகம் என்று அரசு வெளிப்படையாக எச்சரித்தது. மாதக் கடைசியில் கல்லூரி மூடல் முடிவை அறிவித்தது. அதற்குள் பிள்ளைகள் மாற்றிடம் தேடத் தொடங்கிவிட்டார்கள். அதன் பெயர் பெற்ற வீடியோ கேம் வடிவமைப்புப் படிப்பு பக்கத்தில் கிளார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் உயிர் பிழைத்தது. கல்லூரி போனது போனதுதான். ஆனால் மே 1-க்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனது.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டெபாசிட் படிவத்தோடு இன்னும் ஒரே ஒரு தாள் வையுங்கள். கையில் ரொக்கம் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, எண்டோமென்டில் தொட முடிந்தது எவ்வளவு, தொட முடியாதது எவ்வளவு, கடன் எவ்வளவு. கல்வித்துறை வெளியிடும் நிதி மதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாதீர்கள். அது வெளிவரும்போது கணக்கு ஊசிப்போயிருக்கிறது. அப்புறம், பிள்ளை சேரும் அணியை நாலு வருடம் நடத்துவோம் என்று கையெழுத்துப் போட முடியுமா, முடியாதா. முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். தெரிந்தே சேருகிறவர்கள் சேரட்டும்.

மகள் எங்கும் மாறாமல் அங்கேயே படித்து 2022-இல் பட்டம் வாங்கினாள். விழாவுக்குப் போன அன்று கோர்ட் பக்கம் நடந்து போனோம். வலையைக் கழற்றிக் கார் நிறுத்த விட்டிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, பேஸ்லைன் இருந்த இடத்தில் சற்று நின்றுவிட்டு வந்தாள்.

இப்போது இளையவன் முறை. தொலைதூர ஓட்டக்காரன். போன மாதம் உங்களில் ஒருவருடைய கல்லூரியிலிருந்து ஒரு கோச் போன் செய்தார். நல்ல மனிதர், பையனுடைய ஒவ்வொரு ஓட்ட நேரத்தையும் மனப்பாடமாகச் சொன்னார். எல்லாம் பேசி முடித்த பிறகு, "கல்லூரியின் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும்?" என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமே இல்லை. அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

இன்றோடு மூன்று வாரம் ஆகிறது.

இப்படிக்கு,
பிள்ளையைச் சேர்க்கக் காத்திருக்கும் ஒரு தகப்பன்