பாதாள சாக்கடைக் கட்டணத்தை உயர்த்தும் முன் குடிநீர் வடிகால் நிதியின் கணக்கை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
சந்தைமேட்டுத் தெருக் குடியிருப்போர்

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள், நகராட்சி அலுவலகம்

மதிப்பிற்குரிய ஐயா,

பாதாள சாக்கடை மாதக் கட்டணத்தை உயர்த்தப்போவதாக அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. உயர்வே கூடாது என்று கேட்க நாங்கள் வரவில்லை. இதுவரை கட்டிய பணம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு உயர்த்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பாதாள சாக்கடை இணைப்புக்கான வைப்புத்தொகையை மூன்று தவணைகளில் கட்டி முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தெருவைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள். குழிகளுக்கு மூடியும் போட்டார்கள். தெருவின் மேற்குப் பாதிக்கு வீட்டு இணைப்பு மட்டும் வரவில்லை. மாதக் கட்டணம் தவறாமல் வந்துவிட்டது. செப்டிக் டேங்க் நிரம்பும்போதெல்லாம் கழிவுநீர் லாரிக்கும் பணம் கொடுக்கிறோம். சென்ற மாதம் வரிவசூல் மையத்தில் விசாரித்தபோது, "வைப்புத்தொகையெல்லாம் மொத்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது, பிரித்துச் சொல்ல முடியாது" என்றார்கள். அந்த ஊழியர்மீது எங்களுக்குக் குறையில்லை. போனவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார். அவர் சொன்ன பதில்தான் எங்களை இந்த மனுவை எழுத வைத்தது.

தமிழ்நாட்டு நகராட்சிகளின் கணக்கு முறையில் வருவாய் நிதி வேறு, குடிநீர் மற்றும் வடிகால் நிதி வேறு, தொடக்கக் கல்வி நிதி வேறு. குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம், இணைப்புக்கான வைப்புத்தொகை ஆகியவற்றுக்கு இடம் அந்த இரண்டாவது நிதிதான். அப்படியிருக்கப் பிரித்துச் சொல்ல முடியாது என்பது எப்படி?

திட்டத்தைக் கட்டி எழுப்பப் பெரும்பாலும் வெளிப்பணம் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான அம்ருத் 2.0 திட்டத்தில் 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு மூன்றில் ஒன்று. மீதிக்கு மாநில அரசின் பங்கு, கடன், உள்ளூர்ப் பணம். ஆனால் உந்து நிலையத்தின் மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டும் தொகை, அடைப்பெடுக்கும் வண்டிக்கு டீசல், ஊழியர் சம்பளம் என்று மாதாமாதம் ஆகும் செலவுக்கு எங்கள் கட்டணம்தான் கதி. அதைக் கொடுக்க மறுக்கவில்லை.

இன்று சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட ஆலந்தூரை நினைவூட்ட விரும்புகிறோம். 1990-களின் பிற்பகுதியில், அது தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாள சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். அந்நாளில் அது சிறு தொகையன்று. மாதக் கட்டணம் 150 ரூபாய் என்பதையும் மறைக்கவில்லை. தெருத்தெருவாகப் போய்த் திட்டத்தை விளக்கினார்கள், மக்கள் கட்டினார்கள். பாக்கிப் பணத்துக்குப் பெரும்பாலும் கடன் வாங்கினார்கள்.

2002-இல் 13 சிறு, நடுத்தர நகர அமைப்புகளுக்காக 30.41 கோடி ரூபாய்க்குக் கூட்டுக் கடன்பத்திரம் வெளியிட்டதும் இதே தமிழ்நாடுதான். திருப்பிச் செலுத்தும் பணத்தை உள்ளாட்சிகள் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. கடன் கொடுத்தவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டென்றால், வைப்புத்தொகை கொடுத்த எங்களுக்கு ஏன் இல்லை?

ஆகவே, குடிநீர் மற்றும் வடிகால் நிதியின் கடந்த ஐந்தாண்டு வரவு செலவை, வைப்புத்தொகை இருப்பு, கடன் பாக்கி ஆகியவற்றோடு தமிழில் வார்டு அலுவலகங்களில் ஒட்ட வேண்டுகிறோம். நிலுவை வைத்திருக்கும் பெரிய வணிக வளாகங்களின் பாக்கியும் அதில் இருக்கட்டும். சிறு வீடுகளின் குழாய் இணைப்பைத் துண்டிப்பதில் காட்டப்படும் வேகம் அங்கே காட்டப்படுகிறதா என்று நாங்களும் பார்க்கலாம். இணைப்புக் கொடுக்காத வீடுகளுக்கு மாதக் கட்டணம் வசூலிப்பதை இன்றே நிறுத்த வேண்டும். இதுவரை வாங்கியதை இனி வரும் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகத் திரும்பக் கேட்கவில்லை. கணக்கு வெளியான பின் வார்டுக் கூட்டம் நடத்தி எங்கள் கருத்தைக் கேட்கும் வரை புதிய கட்டணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

முப்பது நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் இதே கேள்விகளைத் தனித்தனி மனுக்களாக அனுப்புவோம். அந்த வேலை உங்கள் அலுவலகத்துக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம்.

இப்படிக்கு,
சந்தைமேட்டுத் தெருக் குடியிருப்போர்

இணைப்பு: வைப்புத்தொகை ரசீதுகள், மாதக் கட்டண ரசீதுகள், கழிவுநீர் லாரிக்குப் பணம் கொடுத்த சீட்டுகள் ஆகியவற்றின் நகல்கள்.