மாதப்பனுக்கு: காரைக் கொடுக்கும் முன் எர்த் குழியைப் பார்

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதப்பா,

கடிதம் கிடைத்தது. பேரன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்ததில் சந்தோஷம். இங்கே மாங்கூழ் ஆலைகளின் வாசலில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டன. வேறு புதுச் சேதி இல்லை. உன் நெக்ஸான் மின்சாரக் கார் விஷயத்துக்கே வருகிறேன்.

முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாய். நல்ல எண்ணம்தான். ஆனால் பெட்ரோல் கார் என்றால் சாவியைக் கையில் கொடுத்த மறுநாளே பங்குக்கு ஓட்டிப்போய்விடுவார்கள். மின்சாரக் காருக்கு அந்த இல்லத்துச் சுவரில் இருக்கும் பிளக்தான் பங்க். அது சரியில்லை என்றால் ஒரே மாதத்தில் உன் வண்டி வேப்பமரத்தடியில் கோழி அடையும் கூண்டாகிவிடும். ஆகவே ஆர்.சி. புத்தகத்தை எடுப்பதற்கு முன் அங்கே போய் எர்த்தை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பை, பார்.

நம் பக்கத்து மண் உனக்குத் தெரியாததல்ல. நாலடி தோண்டினால் பாறை. கோடையில் எர்த் குழி காய்ந்து சுக்காகிவிடும். பழைய கட்டடங்களில் பிளக்கின் மூன்றாவது பின்னான எர்த்துக்கு ஒயரே கொடுத்திருக்க மாட்டார்கள். டியூப்லைட்டும் மிக்ஸியும் இதைக் கண்டுகொள்ளாது. கார் சார்ஜர் கண்டுபிடித்துவிடும், சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். "வண்டி ரிப்பேர்" என்று போன் வரும், ரிப்பேர் வண்டியில் இருக்காது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து பேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் (திரும்பும் ஒயர்) நடுவே எத்தனை வோல்ட் என்று பார், பிறகு பேஸுக்கும் எர்த்துக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் குழி வேலை இருக்கிறது. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். பாறை தடுத்தால் இரண்டு குழி, இடையில் ஐந்து மீட்டராவது விட்டு, இரண்டையும் இரும்புப் பட்டையால் இணைத்துவிடச் சொல். மாசி பங்குனியில் வாரம் ஒரு குடம் ஊற்ற ஆள் வேண்டும். இதைப் பேச்சோடு விடாமல் எழுதியே கொடு.

பிளக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன்: 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், பாரம் மிஞ்சினால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கெய்சர் பதினைந்து நிமிடம் ஓடும், கார் ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சாக்கெட் உருகிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் நிறுத்து.

இல்லம் தோட்டத்துக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். போர் மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பிலிருந்து யாராவது லைன் இழுத்துக் கொடுக்கிறேன் என்பார்கள். வேண்டாம். வேறு உபயோகத்துக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போட்டுத் தாளித்துவிடுவார்கள்.

அடுத்தது பேட்டரி. உன்னுடையது 30.2 யூனிட் கொள்ளளவு, எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. இந்த வகையில் வோல்ட்டேஜ் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்பதால், அரைகுறையாகவே சார்ஜ் போட்டுவந்தால் வண்டி காட்டும் சதவீதம் பொய்யாகிவிடும். முதலில் இரண்டு முறை வீட்டு பிளக்கில் 100 வரை ஏற்றி, அதுவாக நிற்கும்வரை விடு. பிறகு 20க்கு இறக்கி, மறுபடி 100 வரை ஏற்றும்போது வீட்டுக் கரண்ட் மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று எழுது. புதிதென்றால் உள்ளே போவது 24 யூனிட், சார்ஜரில் போகும் நஷ்டத்தோடு மீட்டரில் 27 யூனிட் சுமார். உனக்கு 22 ஓடினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள். ஓட்டும்போது 15இலிருந்து சட்டென்று 5க்கு விழுந்தால் ஏதோ ஒரு செல் நொண்டுகிறது. வாரண்டி இருக்கும்போதே சர்வீஸில் காட்டிவிடு. வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2021இல் பதிவான வண்டிக்கு 2029. சர்வீஸ் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடு.

முன்னால் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது செத்தால் பெரிய பேட்டரி நிரம்பி வழிந்தாலும் வண்டி கண் திறக்காது. பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயை மூடுவதே அந்தச் சின்னதுதான். மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தால் புதிதாக மாற்றியே கொடு. பிரேக் டிஸ்க்கையும் பார். மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் அதிகம் படாது, துரு ஏறியிருக்கும்.

இனி பெயர் மாற்றத்துக்கான காகிதம். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, சேஸிஸ் எண்ணைப் பென்சிலில் தேய்த்தெடுத்த அச்சு, ஆர்.சி., இன்சூரன்ஸ். அவர்கள் பக்கம் டிரஸ்ட் பத்திரம், பான், வண்டியை ஏற்பதாகத் தீர்மான நகல். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் நிற்கிறதா பார். நின்றால் அதை நீக்கும் படிவம் 35ஓடு பேங்கின் தடையின்மைச் சான்று வேண்டும். அபராதச் சலான் பாக்கி இருந்தால் முதலில் கட்டு. புகைச் சான்று மின் வண்டிக்குக் கிடையாது, அலையாதே. உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் நீ ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். "பொறுமையாகப் பண்ணிக்கொள்ளட்டும்" என்று படிவத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு மட்டும் வராதே. 2018இல் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயரோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. டிரைவர் எங்கேயோ மோதினால் நோட்டீஸ் தருமபுரியில் உன் வீட்டுக் கதவைத் தட்டும்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் அவர்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு அவர்களுக்குப் போய்ச் சேரும், வண்டிச் சேதத்துக்குத்தான் கைவிரிப்பார்கள். உன் நோ கிளெய்ம் போனஸ் உன்னுடையது. சான்று வாங்கி வைத்துக்கொள், அடுத்த காருக்கு ஆகும். பாஸ்டேக்கை மூடி டெபாசிட்டைத் திரும்ப வாங்கு. கார் ஆப்பிலிருந்து உன் கணக்கை நீக்கு. இல்லையென்றால் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று உன் போன் சொல்லிக்கொண்டே இருக்கும்.

வரிச் சலுகை கேட்டிருந்தாய். 80ஜி என்று நாம் சொல்லும் நன்கொடைக் கழிவு பணமாகக் கொடுத்தால்தான். பொருளாகக் கொடுத்தால் இல்லை. கார் எத்தனை லட்சம் போனாலும் ஒரு ரூபாய் கழியாது. ரொக்கத்திலும் 2,000க்கு மேல் செல்லாது, புதிய வரி முறையில் இருந்தால் அதுவும் கிடையாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆகவே விற்று, பணத்தை பேங்க் வழியாகக் கொடுக்கும் வழியும் இருக்கிறது.

எந்த வழி என்றால், வாரத்துக்கு நாலு நாள் தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் இல்லம், எர்த் சரியாக இருக்கிறது, டிரைவர் நிரந்தரம், வாரண்டி இன்னும் இரண்டு வருஷமாவது பாக்கி, இத்தனையும் இருந்தால் காராகவே கொடு. ஒன்று குறைந்தாலும் விற்றுவிடு. வாரண்டி முடிந்து பேட்டரி போனால் அந்தச் செலவைத் தாங்கும் இல்லம் நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து கிடையாது.

டிரைவருக்கு ஒரு சங்கதி. பென்னாகரத்தில் 100 ஏற்றிக்கொண்டு அப்படியே ஒகேனக்கல் இறக்கத்தில் விட்டால், மோட்டார் இழுத்துப் பிடிக்கும்போது உண்டாகித் திரும்பிவரும் மின்சாரத்துக்கு நிரம்பிய பேட்டரியில் இடமில்லை. அதனால் மோட்டார் இழுத்துப் பிடிக்காது, முழு பாரமும் பிரேக்குக்கே. இறக்கம் போகும் நாளில் 85, 90இல் நிறுத்திக்கொள்ளட்டும்.

என்றைக்கு அந்த இல்லத்துக்குப் போகிறாய் என்று எழுது. ஞாயிறு என்றால் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானும் காலை பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
முனிராஜ்