ஊர் நலச் சங்கம்: 2025-26 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியோர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை, பொங்கல் விளையாட்டு விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கோத்தகிரியிலேயே குடிநோய்ச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்ற நம் மனுவைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில், "குடிக்கிறவனுக்கு ஊர்ப்பணமும் அரசுப்பணமும் எதற்கு?" என்று கேட்டவன் நானே. நடவடிக்கைக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே அது இருக்கிறது.

ஆடி மாதத்தில் நம் உறுப்பினர் ஒருவர் வைராக்கியமாக ஒரே நாளில் குடியை நிறுத்தினார். எல்லோரும் பாராட்டினோம். மறுநாள் தேநீர் கிளாஸ் அவர் கையில் நிற்கவில்லை. மனைவிதான் வாயில் புகட்டினார். மூன்றாம் இரவு, சுவரெல்லாம் எறும்பு என்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் ஓர் எறும்பும் இல்லை. பூசாரியை அழைக்கலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் புறப்பட்டோம். தொட்டபெட்டா பிரிவு வரை மூடுபனி. முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே வண்டி நகர்ந்தது.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், அடுத்து புத்தித் தடுமாற்றமும் வரலாம், உயிரே போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். மருந்தும் வைட்டமின் பி1-உம் கொடுத்துக் கண்காணித்தால் தாண்டிவிடலாமாம். பிழைத்தார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். பஸ் கட்டணம் போக, அவருக்கும் துணைக்குப் போகும் மனைவிக்கும் ஒரு நாள் கூலி போகும். செப்டம்பரில் தேயிலைக் கொழுந்து மிகுந்தது, பறிக்கிற வேலையும் கூடியது. மூன்றாம் தவணைக்கு அவர் போகவில்லை. இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டாம். இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2025-இல் மாநிலத்தில் 25 இடங்களில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. ஆனால் மத்திய அரசின் 2019 ஆய்வுப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவரே.

மகளிர் குழுவினர் வீடுவீடாகச் சென்றார்கள். கடையை மூடச் சொல்லும் மனு என்றால் உடனே கையெழுத்துப் போடும் ஊர், இதற்குத் தயங்கியது. 'குடிகார ஊர்' என்று பெயர் வந்தால் பெண் கொடுப்பார்களா என்ற கவலை. வழிக்குக் கொண்டுவந்தவர் கீழ்த்தெருப் பாட்டி ஒருவர். 2022 முதல் நம் மாவட்டத்தில் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள் அல்லவா? "பாட்டில் திரும்பி வர வழி செய்தார்களே, என் மகன் திரும்பி வர?" என்றார். அன்று மாலையே தாள் போதவில்லை.

கஞ்சாப் பழக்கத்தில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோர் போலீசுக்குப் பயப்படுகிறார்கள். உபயோகித்த வழக்கிலும் சிறிதளவு வைத்திருந்த வழக்கிலும், தாமாக வந்து சிகிச்சையை முடிப்பவருக்கு 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு அளிக்கிறது. தேசிய உதவி எண் 14446-ஐ பஸ் நிறுத்தச் சுவரில் எழுதியிருக்கிறோம்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. கோத்தகிரி அரசு மருத்துவமனையில் முதல் வாரத்துக்குச் சில படுக்கைகள், தொடர் மருந்து, கூலி போகாத ஞாயிற்றுக்கிழமையில் மருத்துவர். இவைதான் கோரிக்கைகள். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீது கிடைத்தது. பதில் இன்னும் வரவில்லை.

அதுவரை சிகிச்சைப் பயணத்துக்காகச் சங்க அலுவலகத்தில் ஓர் உண்டியல் இருக்கும். எடுப்பவர் பெயர் கணக்கில் எழுதப்படாது. தணிக்கையாளர் இதை ஆட்சேபித்திருக்கிறார். அந்தப் பொறுப்பை நான் ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்