பொருள்: ஏத்துன பேட்ச் ஃபைலை மாத்தி வைக்கிறதும், பழைய அப்ரூவலைப் புது பேட்ச் மேல ஒட்டுறதும் – புகார்

கஸ்டமர் சப்போர்ட் டீமுக்கு,

வணக்கம். சாஃப்ட்வேர்ல வர தப்புகளை (பக்) பதிஞ்சு வைக்கிற உங்க பக் டிராக்கருக்கு வருஷ சந்தா கட்டி யூஸ் பண்ற கஸ்டமர் நாங்க, கோயம்புத்தூர்ல கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற சின்ன கம்பெனி. சாட்ல சொல்லியாச்சு, டிக்கெட் போட்டாச்சு, டிக்கெட்டை "இது டிசைனே இப்படித்தான்"னு சொல்லி மூடிட்டாங்க. அதான் லெட்டராவே எழுதுறேன். தயவுசெஞ்சு இதை கோட் எழுதத் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் கைக்கு அனுப்புங்க, ரெடிமேட் பதில் ஒட்டுறவங்க கைக்கு இன்னொரு தடவை போக வேணாம்.

பிரச்சனை என்னன்னா, நாங்க ஏத்துற ஃபைலை நாங்க ஏத்துன மாதிரியே நீங்க வச்சிருக்கிறதில்ல. உங்க புது வெர்ஷன்ல அட்டாச்மென்டுக்கு அழகா கலர் கலரா ப்ரிவியூ வருதுல்ல, அது வந்ததுல இருந்துதான் இந்தக் கூத்து. டெக்ஸ்ட் ஃபைல்னு உங்க சிஸ்டம் நினைச்சா போதும், உள்ள புகுந்து சுத்தம் பண்ணிடுது. ப்ரிவியூல மட்டும் பண்ணினா எங்களுக்கு ஒரு கவலையும் இல்ல, டவுன்லோடுக்குத் தர ஃபைலயே மாத்தி வச்சிடுறீங்க. ஏத்துறதுக்கு முன்னாடி எஸ்எச்ஏ-256 செக்சம் (ஃபைல் துளி மாறினாலும் மாறிடுற, கைரேகை மாதிரி ஒரு நம்பர்) எடுத்தோம், திரும்ப இறக்கி எடுத்தோம், ரெண்டும் வேற வேற. ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்து பாத்தா விண்டோஸ்ல வரி முடிவைக் குறிக்கிற சிஆர் எல்எஃப்ங்கிற ரெண்டு எழுத்துல சிஆரைக் காணோம், டேப் இருந்த இடத்துல நாலு ஸ்பேஸ், வரிக் கடைசில இருந்த ஸ்பேஸ் எல்லாம் வழிச்சு எடுத்தாச்சு.

லெட்டரோ மீட்டிங் நோட்ஸோவா இருந்தா இது யாருக்கும் தெரியக்கூட தெரியாது. கோட்ல எந்த வரியை எப்படி மாத்தணும்னு எழுதி வச்ச பேட்ச் ஃபைலுக்கு இதுதான் உயிர். உங்க சாட்ல இருந்தவருக்கு இது புரியல, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். பேட்ச் எழுதுற வடிவமான யூனிஃபைட் டிஃப்ல @@ -41,7 +41,9 @@ னு ஒரு வரி இருந்தா, பழைய ஃபைல்ல 41வது வரில ஆரம்பிச்சு 7 வரி இருந்த இடத்துல இப்ப 9 வரி வரணும்னு அர்த்தம். மாத்தாத வரிகளும் மேல மூனு கீழ மூனுன்னு அதுலயே இருக்கும், அந்த வரிகள் ஒரிஜினல் ஃபைல்ல அப்படியே எழுத்துக்கு எழுத்து இருந்தாத்தான் கோட் மாத்தங்களைப் பாத்துக்கிற கிட் சாஃப்ட்வேர் அந்த இடத்தை நம்பி மாத்தும். எங்க பிரிண்டர் மாட்யூல் விண்டோஸ்ல பிறந்த பழைய கோட், ஃபைல் எல்லாமே சிஆர் எல்எஃப். நீங்க பேட்ச்ல இருந்து சிஆரை எடுத்துட்டா ஒரு வரிகூட பொருந்தாது, "பேட்ச் டஸ் நாட் அப்ளை"னு ஒரே வரில முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போயிடும். 1985ல லாரி வால் எழுதின பேட்ச் புரோகிராம்கூட வரி நம்பர் கொஞ்சம் முன்னபின்ன நகர்ந்திருந்தா தேடிப் பிடிச்சு சரியான இடத்துல போட்டுரும், ஆனா வரிக்குள்ள இருக்கிற டேப்பை ஸ்பேஸா மாத்திக் குடுத்தா அது எதைத் தேடும் சொல்லுங்க.

இதுக்கு உங்க ஆள் குடுத்த ஐடியா, "ஸ்பேஸ் வித்தியாசத்தை இக்னோர் பண்ற ஆப்ஷன் கிட்ல இருக்கு சார், அதைப் போட்டு அப்ளை பண்ணுங்க". அந்த ஆப்ஷன் பழைய வரிகளைப் பொருத்திப் பாக்கும்போதுதான் கண்ணை மூடிக்கும். புதுசா சேர்ற வரி நீங்க கெடுத்த நிலைமையிலேயே உள்ள போய் உக்காந்துக்கும். ஒரே ஃபைல்ல பாதி வரி விண்டோஸ் ஸ்டைல், பாதி வரி லினக்ஸ் ஸ்டைல்னு ஆயிடும், அடுத்த தடவை யாராவது எடிட்டர்ல திறந்து சேவ் பண்ணினா மொத்த ஃபைலும் மாறின மாதிரி டிஃப் காட்டும். பில்டுக்கான கட்டளைகள் இருக்கிற மேக்ஃபைல் கதை இன்னும் மோசம், அதுல கமாண்டு வரி டேப்ல ஆரம்பிக்கலன்னா "மிஸ்ஸிங் செப்பரேட்டர்"னு சொல்லி பில்டே நின்னுடும். எங்களுக்கு நின்னுச்சு.

இன்னொருத்தர் ஃபைலை ஜிப் பண்ணி ஏத்துங்கன்னாரு. ஏத்துனோம். ஜிப் ஏத்தினா உங்க சிஸ்டம் அதை பைனரின்னு (டெக்ஸ்ட் இல்லாத ஃபைல்) முத்திரை குத்தி ரிவ்யூ பட்டனையே எடுத்துருது, ப்ரிவியூ கிடையாது, வரிக்கு வரி கமென்ட் போட முடியாது. அப்புறம் எதுக்குங்க பேட்ச் ரிவ்யூ வசதின்னு தனியா காசு வாங்குறீங்க.

பேட்ச் அட்டாச் பண்றதே பழைய காலத்துப் பழக்கம், கோட் இருக்கிற ரெப்போலயே மாத்தத்தைக் காட்டி சேக்கச் சொல்லிக் கேக்குற புல் ரிக்வெஸ்டுக்கு மாறுங்கன்னும் ஒரு அட்வைஸ் வந்துச்சு. எங்க கிளையன்ட் ஒருத்தரோட கோட் அவங்க நெட்வொர்க்குக்கு உள்ளயே இருக்கு, வெளில இருந்து யாருக்கும் ரெப்போ ஆக்சஸ் கிடையாது, பேட்ச் மட்டும்தான் போகும் வரும். பேட்சை ரிவ்யூ பண்றதுல கேவலம் ஒன்னும் இல்ல, லினக்ஸ் கெர்னல் இன்னிக்கும் மெயில்ல வர பேட்ச்லதான் ஓடுது, அங்கயும் மெயில் சாஃப்ட்வேர் டேப்பையும் ஸ்பேஸையும் கெடுத்துடும்னு பயந்துதான் எந்த மெயில் சாஃப்ட்வேர்ல என்ன செட்டிங் வைக்கணும்னு தனி டாக்குமென்டே வச்சிருக்காங்க. உங்க விளம்பரத்துலயே "பேட்ச் ரிவ்யூ"ன்னு பெருசா போட்டிருக்கு, அதைப் பாத்துதான் வாங்கினோம்.

இதுவரைக்கும் சொன்னதுல போனது எங்க நேரம் மட்டும்தான். அடுத்ததுல எங்க பேரே கெட்டுச்சு.

ஜிஎஸ்டி ரவுண்டிங்ல ஒரு பக். 5 சதவீத வரின்னா சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. 45 ரூபா சாமானுக்கு 2.5 சதவீதம் 1.125. பில்லுல ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா ரவுண்ட் பண்ணி 1.13னு போட்டா பத்து சாமானுக்கு 11.30 வரும், மொத்தத்துக்கு ஒரே தடவை கணக்கு போட்டா 11.25. சிஜிஎஸ்டில அஞ்சு பைசா, எஸ்ஜிஎஸ்டில அஞ்சு பைசா, ஒரு பில்லுக்கு பத்து பைசா வித்தியாசம். மொத்தத்துல ரவுண்ட் பண்ற மாதிரி எங்க பையன் ரெண்டாவது பேட்ச் போட்டான், சீனியர் வரி வரியா பாத்து அப்ரூவ் குடுத்தாரு. அப்புறம் வேற ஒரு சின்ன மாத்தத்துக்காக அதே பேர்ல மூனாவது பேட்சை ஏத்தினான், அதுல பழைய மாதிரி சாமானுக்கு சாமான் ரவுண்ட் பண்ற கோட் திரும்ப வந்திருந்துச்சு. ஜூனியர் பையன் போடுற பேட்ச்ல இப்படி வரத்தான் செய்யும், அதைப் பிடிக்கத்தானே ரிவ்யூன்னு ஒன்னு வச்சிருக்கோம். ஆனா உங்க ஸ்க்ரீன்ல பச்சை டிக் அப்படியே நிக்குது, சீனியர் பேரோட, "அப்ரூவ்ட்"னு. அவர் அந்த மூனாவது பேட்சைக் கண்ணாலகூட பாக்கல. மெயின் கோட்ல சேத்து மெர்ஜ் பண்றவர் டிக்கை நம்பி மெர்ஜ் பண்ணிட்டாரு. கடைக்காரரோட ஆடிட்டர் போன் பண்ணினப்பத்தான் எங்களுக்கே தெரியும்.

கையெழுத்து வாங்கின செக்ல தொகையை மாத்திட்டு, கையெழுத்து அவரோடதுதானேன்னு சொன்னா பேங்க்ல ஒத்துப்பாங்களா? அதைத்தான் நீங்க பண்றீங்க. அப்ரூவல் அந்த பக் நம்பருக்குக் குடுத்ததுன்னு உங்க சிஸ்டம் நினைக்குது. எங்க சீனியர் குடுத்தது அந்தக் குறிப்பிட்ட ஃபைலுக்கு, அந்தக் குறிப்பிட்ட வரிகளுக்கு.

இது ஒன்னும் யாரும் யோசிக்காத விஷயம் இல்ல. மொசில்லாவோட பக் டிராக்கர் பக்சில்லா 1998ல வந்தது, பாக்க சகிக்காது, ஆனா அதுல ரிவ்யூ ஃப்ளாக் அட்டாச்மென்டோடதான் ஒட்டியிருக்கும். கேள்விக்குறின்னா ரிவ்யூ கேட்டிருக்காங்க, ப்ளஸ்னா ஓகே, மைனஸ்னா திரும்ப எழுதிட்டு வா. புது பேட்ச் ஏத்தும்போது பழசை அப்சலீட்னு டிக் பண்ணினா பழசு அடிச்சு விட்ட மாதிரி அதே இடத்துல நிக்கும், அழியாது, அதுக்கு யார் ப்ளஸ் குடுத்தாங்கன்னும் பாக்கலாம், புதுசு ஃப்ளாக் எதுவும் இல்லாம ஆரம்பிக்கும். ரெண்டு பேட்சுக்கு நடுவுல என்ன மாறுச்சுன்னு மட்டும் காட்டுற இன்டர்டிஃப்னு ஒன்னும் உண்டு, மூனாவது பேட்ச்ல அந்த ரவுண்டிங் வரி திரும்ப வந்ததை அது ஒரு பார்வைல காட்டிக் குடுத்திருக்கும். கிட்ஹப்லயும் கிட்லேப்லயும்கூட புது கமிட் (கோட் மாத்தம்) வந்தா பழைய அப்ரூவலை ரத்து பண்ற செட்டிங் இருக்கு. உங்ககிட்ட அந்த செட்டிங்காவது இருக்கான்னு கேட்டா, "ஹிஸ்டரி டேப்ல யார் எப்ப ஏத்தினாங்கன்னு தெரியும் சார்"னு பதில். தெரியும்தான். ஆனா பழைய ஃபைல் எங்க? அதே பேர்ல ஏத்துனா பழசு மேலயே எழுதிடுறீங்க. சீனியர் எதைப் பாத்து ஓகே சொன்னாருன்னு காட்ட இன்னிக்கு எங்ககிட்ட உங்க சிஸ்டத்துல ஆதாரம் கிடையாது, பையனோட லேப்டாப்ல ஒரு காப்பி இருந்துச்சு, அதனால அவர் தப்பிச்சாரு.

இதே மேலயே எழுதுற பழக்கத்தால இன்னொரு தொல்லை. எங்க கடைக்காரங்க லாக் ஃபைலுக்கும் ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் தமிழ்லயே பேர் வச்சு அனுப்புவாங்க. உங்க சிஸ்டம் தமிழ் எழுத்தை எல்லாம் அடிக்கோடா மாத்திடுது, "பில் தப்பு", "ஸ்டாக் தப்பு" ரெண்டும் ஒரே மாதிரி கோடா ஆகி, ரெண்டாவது வந்து முதலாவதை முழுங்கிடுது. பேரை மாத்தி அனுப்புங்கன்னு ஒவ்வொரு கடைக்காரர்கிட்டயும் போய் நாங்க கிளாஸ் எடுக்க முடியாதுங்க.

அப்புறம் டிலீட். ஒரு லாக்ல கடைக்கு வந்த வாடிக்கையாளர்களோட போன் நம்பர் எல்லாம் இருந்துச்சு, பாத்த உடனே டிலீட் பண்ணிட்டோம். லிஸ்ட்ல இருந்து போயிடுச்சு. பழைய லிங்கை லாகின் பண்ணாத வேற பிரவுசர்ல போட்டா ஃபைல் ஜம்முனு இறங்குது! 2023லயே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, நாளைக்கு யாராவது கேட்டா நாங்க உங்களைக் கை காட்டத்தான் முடியும். இதை மட்டும் உடனே பாருங்க, மத்தது எல்லாம் இதுக்கு அப்புறம்னாலும் பரவால்ல.

எங்களுக்கு வேண்டியது பெருசா ஒன்னும் இல்ல. ஏத்துன பைட்டை ஏத்துன மாதிரியே வைங்க, அழகு பண்றது எல்லாம் ப்ரிவியூவோட நிக்கட்டும், அட்டாச்மென்ட் பக்கத்துல செக்சத்தையும் காட்டினா நாங்களே சரிபாத்துக்குவோம். அதே பேர்ல புதுசு வந்தா பழசை வச்சுக்கிட்டு தனி வெர்ஷனா சேருங்க, அப்ரூவலை அந்த வெர்ஷனோட கட்டுங்க. இதுவரைக்கும் நீங்க மாத்தி வச்ச எங்க பேட்ச்களோட ஒரிஜினல் உங்க பேக்கப்ல இருந்தா எடுத்துக் குடுங்க, இல்லன்னா இல்லன்னு எழுத்துல குடுங்க, கிளையன்ட்கிட்ட காட்டணும்.

சந்தா ரினியூவல் அடுத்த மாசம் வருது. ஆட்டோ டெபிட்டை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கோம். இது சரியாகலன்னா மிச்ச காலத்துக்கான பணத்தையும், எங்க பக் டேட்டா மொத்தத்தையும் அட்டாச்மென்டோட சேத்து எக்ஸ்போர்ட் பண்ணியும் குடுத்துருங்க. எக்ஸ்போர்ட்லயாவது டேப்பை விட்டு வைங்க. செக்சம் வித்தியாசத்தையும் பச்சை டிக் ஸ்க்ரீன்ஷாட்டையும் இதோட இணைச்சிருக்கேன், உங்க டிராக்கர்ல ஏத்தாம மெயில்லயே அனுப்புறேன், காரணம் சொல்ல வேண்டியதில்ல.

இப்படிக்கு,
டெவலப்மென்ட் டீம் லீட்,
கோயம்புத்தூர்