கப்பாசிட்டரைக் கூட்டினால் சங்கீதம் கூடிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உயர்தர ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆம்ப்ளிஃபயரின் உயிர், வீட்டு மின்சாரத்தை வாங்கி உள்ளே தேவைப்படும் நேர் மின்சாரமாக (டி.சி.) மாற்றித் தரும் பவர் சப்ளையில் இருக்கிறது என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்கும் உடன்பாடுதான். ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் அங்கிருந்துதான் வருகிறது. உள்ளே நுழையும் பாட்டு அதைக் கூட்டிக் குறைக்கும் வேலையை மட்டும் பார்க்கிறது. ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, பழைய செட்டின் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் 10,000 மைக்ரோஃபாரட் (சேமிக்கும் கொள்ளளவின் அலகு) கப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு 40,000 போட்டால் பேஸ் இறுகும், குரல் தெளியும் என்று எழுதியிருக்கிறாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. படித்த கையோடு வாசகர்கள் சாலிடரிங் அயர்னைச் சூடாக்கிவிடுவார்கள். பழுதுபார்த்துப் பிழைக்கும் எனக்கு அது வியாபாரம்தான் என்றாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கப்பாசிட்டரை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒப்பிட்டிருந்தார். சரி. ஆனால் தொட்டியைப் பற்றிப் பேசியவர் அதை நிரப்பும் மோட்டாரைப் பற்றிப் பேசவில்லை. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் மின்சாரத்தை ஒரே திசையில் திருப்பிவிடும் டயோடு பிரிட்ஜைத் தாண்டும்போது வினாடிக்கு 100 துடிப்புகளாகிறது. ஒரு துடிப்புக்கு 10 மில்லி வினாடி. அதில் உச்சியை ஒட்டிய ஓரிரு மில்லி வினாடிகளில்தான் கப்பாசிட்டர் நிரம்புகிறது. சராசரியாக 2 ஆம்பியர் செலவாகும் செட்டில், நிரம்பும் அந்தக் கணத்தில் 10, 15 ஆம்பியர்கூடப் பாயும். தொட்டியைப் பெரிதாக்கினால் நிரப்பும் நேரம் இன்னும் சுருங்கி, துடிப்பு இன்னும் உயரும். டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடேறும், டயோடுகள் அடி வாங்கும்.

இதில் கிடைக்கும் லாபம் என்ன? 10,000 மைக்ரோஃபாரடில் 2 ஆம்பியர் எடுத்தால் வோல்டேஜ் ஏறத்தாழ 2 வோல்ட் ஏறி இறங்கும். 40,000 போட்டால் அது அரை வோல்ட் ஆகும். பெரிய முன்னேற்றமாகத்தான் தெரியும். ஆனால் ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர் இந்த 100 ஹெர்ட்ஸ் அலைவைத் தானே பத்தாயிரத்தில் ஒரு பங்காக அடக்கிவிடக்கூடியது. 2 வோல்ட் என்பது ஸ்பீக்கர் முனையில் 0.2 மில்லி வோல்ட் ஆகிவிடும். அதைக் காதால் கேட்பது கடினம்.

ஸ்பீக்கரில் கேட்கும் ஹம் என்ற இரைச்சல் உண்மையில் வேறு வாசலில் நுழைகிறது. பிளஸ், மைனஸ் என்று இரண்டு கப்பாசிட்டர்களையும் நடுவில் இணைக்கும் கிரவுண்ட் கம்பியைப் பாருங்கள். நிரப்பும் துடிப்பு முழுவதும் அந்தக் கம்பி வழியாகத்தான் ஓடுகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 10 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் அதன் தடை 1.7 மில்லி ஓம். 15 ஆம்பியர் பாயும்போது அதன் இரு முனைகளுக்கு இடையே 25 மில்லி வோல்ட். இன்புட் கிரவுண்டை ஒரு முனையிலும் ஸ்பீக்கர் கிரவுண்டை இன்னொரு முனையிலும் பற்ற வைத்தால், ஆம்ப்ளிஃபயர் அந்த 25 மில்லி வோல்ட்டையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கும்.

சமீபத்தில் ஒருவர் கொண்டுவந்த செட்டில் இதுதான் கோளாறு. வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலும் 'ர்ர்ர்' என்ற கரகரப்பு போகவில்லை. கப்பாசிட்டரை மாற்றுங்கள் என்றுதான் கேட்டு வந்திருந்தார். கப்பாசிட்டர்களை இணைத்த செம்புப் பட்டையின் ஓரத்திலேயே இன்புட் கிரவுண்ட் பற்ற வைக்கப்பட்டிருந்தது. பட்டையின் நடுவிலிருந்து ஒரு குட்டிக் கம்பி எடுத்து, தனி போல்ட்டில் முடித்து, எல்லாக் கிரவுண்டையும் அந்த போல்ட்டுக்கு மாற்றினேன். கரகரப்பு போய்விட்டது. செலவு ஒரு போல்ட், ஒரு நட். கூலியைக் குறைத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது என்பது தனிக்கதை.

பெரிய வடிவமைப்பாளர்களும் இதில் ஒரே வழியில் போகவில்லை. குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர் 1967-இல் வந்த 303 ஆம்ப்ளிஃபயருக்கு ரெகுலேட் செய்த, அதாவது வோல்டேஜ் மாறாமல் பிடித்து வைக்கும், சப்ளை வைத்தார். 1975-இல் வந்த 405-க்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டார், சர்க்யூட் வேறு என்பதால். நாட் (NAD) நிறுவனத்தின் 3020 ஆம்ப்ளிஃபயர் அந்த 303-க்கு நேர்மாறான நல்ல உதாரணம். அதன் எளிய, ரெகுலேட் செய்யாத சப்ளையில், 20 வாட் என்று விற்ற செட் மிருதங்கத்தின் ஒரு தட்டு போன்ற குறுகிய உச்சங்களில் ஏறத்தாழ இரட்டிப்புச் சக்தியைக் கொடுக்கும். ஜப்பானின் ஜுன்ஜி கிமுரா தன் கெயின்கார்டு ஆம்ப்ளிஃபயரில் வெறும் 1,000 மைக்ரோஃபாரட்டோடு நிறுத்திக்கொண்டார். அதைப் புகழ்கிறவர்களும் உண்டு. கனத்த பேஸைச் சத்தமாகக் கேட்டால் அது திணறும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

எதிர்முனையில் மார்க் லெவின்சன் எம்.எல்.-2 ஆம்ப்ளிஃபயர். 1977-இல் வந்த அது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 25 வாட், 4 ஓமுக்கு 50, 2 ஓமுக்கு 100 கொடுக்கும். ஸ்பீக்கரின் மின்தடை பாதியாகும்போதெல்லாம் சக்தி இரட்டிப்பாக வேண்டுமென்றால் சப்ளை அசையக் கூடாது. பெரிய இரும்பும் செம்பும் அங்கே அவசியம்தான். 1980-களில் வந்த அபோஜி ஸின்டில்லா ஸ்பீக்கர் 1 ஓம். அதற்கு 20 வோல்ட் கொடுத்தால் 20 ஆம்பியர் இழுக்கும். நம் கூடத்தில் இருக்கும் 8 ஓம் ஸ்பீக்கர் அதே 20 வோல்ட்டுக்கு இரண்டரை ஆம்பியரோடு திருப்தியடையும். அதற்குப் போய் எதற்கு இந்தப் படாடோபம்?

கோடையில் மாலை நேரம் வோல்டேஜ் 195-க்கு இறங்கினால் இசை செத்துவிடும் என்றும் கட்டுரையில் இருந்தது. 230-லிருந்து 195 என்பது 15 சதவீதக் குறைவு. 100 வாட் செட் 72 வாட் ஆகும். ஒலி அளவில் சொன்னால் ஒன்றரை டெசிபலுக்கும் குறைவு, அதுவும் முழுச் சத்தத்தில் வைத்தால் மட்டும். ஸ்டெபிலைசர் போடுகிறவர்கள் போடட்டும். ஆனால் கம்பத்திலிருந்து வீடு வரை சாதாரண அலுமினியக் கம்பியில் வரும் மின்சாரத்துக்குக் கடைசி ஒரு மீட்டரில் மட்டும் வெள்ளிப் பூச்சுப் பவர் கார்டு வாங்கச் சொல்வதற்கு எனக்குப் பதில் எழுத வரவில்லை.

ஒரு வேண்டுகோள். 40,000 போடச் சொன்னவர் இரண்டு எச்சரிக்கைகளை விட்டுவிட்டார். சுவிட்சைப் போட்டதும் காலியான பெரிய கப்பாசிட்டர் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் போல இழுக்கும், ஃபியூஸ் பறக்கும். உடனே தடித்த ஃபியூஸ் போடுவதுதான் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர். இரண்டாவது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் 50 வோல்ட் நிற்கக்கூடும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாமல், 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் வைத்து, மீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இதை மட்டுமாவது அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி