கிளையை அறுத்துக் கொடுங்கள்: மாவட்டப் பசுமைக் குழுவுக்கு ஒரு மிஷின்காரனின் மடல்

தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ரோட்டோர மரத்தை வெட்ட அனுமதி தரும் மாவட்டப் பசுமைக் குழுவில் இருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் மரம் அறுக்கிற வேலை செய்கிறேன். செயின்சா மிஷின் வாங்கி 9 வருஷம் ஆகிறது. மாந்தோப்புக் கவாத்து, கூரை மேல் சாய்ந்த தென்னை, பட்டுப்போன வேம்பு என்று எதற்கும் கூப்பிடுவார்கள். ரோட்டோரத்தில் விழுகிற, வெட்டுகிற மரத்தின் கிளை விறகு யாருக்குப் போகிறது என்பது பற்றித்தான் இந்த மடல். இதில் முதல் குறை என் மேல்தான்.

போன சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழை காற்றோடு அடித்து, ரோட்டோரப் புளியமரம் ஒன்று வேரோடு விழுந்தது. பஸ் போக வழியில்லை. ராத்திரியே என்னையும் இன்னொரு மிஷின்காரரையும் கூப்பிட்டு, வண்டி போகிற அளவுக்கு அறுக்கச் சொன்னார்கள். அடிமரம் ஏலத்துக்குப் போகும், அதைத் தொடாதே. கிளையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

விடிந்ததும் பெண்கள் அரிவாளும் கயிறுமாக வந்தார்கள். தொடை கனத்தில் கிடக்கிற புளியங்கிளையை அரிவாளால் என்ன செய்வது? வைரம் பாய்ந்த கட்டையில் கோடாலியே எகிறும். அவர்கள் மிலாறையும் சுள்ளியையும் ஒடித்துக் கட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் பத்து மணிக்குள் இரண்டு டெம்போ ஏற்றிவிட்டோம். என் பங்கு செங்கல் சூளைக்குப் போனது. நடுவில் ஓர் அக்கா ஒரு கட்டையைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து, “தம்பி, இதை மட்டும் ரெண்டா அறுத்துக் குடுத்துட்டுப் போப்பா” என்றார். டெம்போ வாடகை ஏறிக்கொண்டிருந்தது. “அப்புறம் வரேங்க்கா” என்றேன். நான் திரும்பி வந்தபோது அக்காவும் இல்லை, கட்டையும் இல்லை.

ஊருக்கு இலவசம் என்று விட்ட விறகு மிஷினும் டெம்போவும் வைத்திருக்கிறவனுக்கே போகிறது. இது என் ஒருவன் கதை இல்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக ஓசூர் ரோட்டை அகலப்படுத்த மரங்களை எடுத்தபோதும் இதேதான் நடந்தது. சும்மாட்டில் தூக்க வந்தவர்களுக்குக் குப்பைதான் மிஞ்சியது.

வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டதே, விறகு எதற்கு என்று கேட்கலாம். கேஸ் இருக்கிறது. டீக்கும் குழம்புக்கும் அதுதான். ஆனால் ஏழு பேர் சாப்பிட ராகிக் களி கிண்டுவதும், குளிக்கத் தண்ணீர் காய வைப்பதும், கல்யாணம் காரியத்துக்கு அண்டா ஏற்றுவதும் எங்கள் பக்கம் இன்னும் விறகடுப்பில்தான். களி கிண்டும்போது பாத்திரம் ஆடாமல் இருக்க வேண்டும். கேஸ் ஸ்டவ் மேல் துடுப்பைப் போட்டு அழுத்திப் பாருங்கள், தெரியும்.

ரோட்டோரத்தில் கிடைக்காத விறகுக்குப் பெண்கள் எங்கே போவார்கள்? காட்டு ஓரத்துக்குத்தான். பென்னாகரம், பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் யானை நடமாட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. அது நல்லதுதான். காப்புக்காட்டில் வெட்ட விடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. ரோட்டில் ஏற்கெனவே விழுந்து கிடப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சரி, ஆளுக்கொரு மிஷின் வாங்கிக்கொள்ளட்டுமே என்று யாராவது சொன்னால் பயமாக இருக்கிறது. இப்போது விலை குறைந்த மிஷின் எங்கும் கிடைக்கிறது. லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மில்லி ஆயில் கலக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். பிளேடின் மூக்கு நுனியில், அதுவும் மேல்பாதியில், ஓடுகிற செயின் கட்டையைத் தொட்டால் மிஷின் அப்படியே முகத்தை நோக்கி எகிறும் என்பதை யாரும் சொல்வதில்லை. என் அக்கா மகன் லுங்கியும் ரப்பர் செருப்புமாக, கிளை மேல் நின்று, தோளுக்கு மேலே மிஷினைத் தூக்கி அறுத்தான். கண் இமைக்கும் நேரம்தான். தாடையில் 11 தையல். மிஷின் என்னுடையது, கொடுத்தவனும் நான்தான்.

விழுந்த மரம் நிற்கிற மரத்தைவிட மோசம். மரத்தின் பாரம் ஏறி, கிளை வில் மாதிரி வளைந்து கிடக்கும். விறைத்து இழுபடுகிற வெளிப்பக்கத்தில் முதலிலேயே ஆழமாக வெட்டினால் கிளை பிளந்து ஆளை அடிக்கும். உள்வளைவில் கொஞ்சம் வெட்டிவிட்டு, அப்புறம்தான் வெளிப்பக்கம் போக வேண்டும். உள்பக்கமே ஆழமாகப் போனாலும் பிளேடைக் கவ்விக்கொள்ளும். இதோடு ஆணி வேறு. டியூஷன் சென்டர், மூலம் பவுத்திரம் என்று ரோட்டோர மரத்தில் அடித்த போர்டு எல்லாம் போய்விடும், ஆணியை மரம் விழுங்கி வைத்திருக்கும். அதில் பட்டால் பொறி பறக்கும், பல் போகும், சில நேரம் செயினே அறுந்து வரும். ஒரே புளியமரத்தில் எனக்கு இரண்டு செயின் போயிருக்கிறது.

அதனால் கேட்கிறேன். ரோட்டோர மரத்தை வெட்ட உங்கள் குழு அனுமதி தரும்போது, ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடச் சொல்கிறீர்கள். அதே கடிதத்தில் இன்னும் ஒரு வரி வேண்டும்: கிளைகளை ஒன்றரை அடித் துண்டாக அறுத்து, ஓரமாக அடுக்கி, எந்த நாள் எடுக்கலாம் என்று ஊராட்சியில் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். காற்றில் விழுகிற மரத்துக்கும் இதையே உத்தரவாகப் போடலாம். அறுப்பவனுக்கு ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம். கரண்டு கம்பி மேல் விழுந்திருந்தால் மின்வாரிய ஆள் வந்து சொல்லும் வரை யாரும் கிட்டப் போகக் கூடாது. வீட்டுக்கு ஒரு கட்டு என்று முதல் நாள் தலைச்சுமைக்காரர்களுக்கு, மிச்சம் இருந்தால் மறுநாள் எங்களைப் போன்ற டெம்போக்காரர்களுக்கு. அடிமரத்தை வழக்கம்போல ஏலம் விடுங்கள். கறிக்கடைக் கட்டைக்குப் புளியை விட்டால் வேறு மரம் உண்டா? நல்ல விலை போகும்.

இன்னொன்று, சின்ன விஷயம். நாற்கரச் சாலை நடுவில் அரளியைக் கவாத்து செய்து ஓரத்தில் போடுகிறார்கள். எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் அதைத் தொட மாட்டார்கள். இப்போது வந்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, விறகு என்று எடுத்துப் போகிறார்கள். அரளியை அடுப்பில் வைத்தால் புகையே விஷம். அதை மட்டும் அன்றன்றே அள்ளிவிடச் சொல்லுங்கள்.

அறுக்க ஆள் இல்லை என்று ஃபைல் திரும்பி வர வேண்டாம். எங்கள் பகுதிக்கு நான் வருகிறேன். பெட்ரோலும் ஆயிலும் அரை நாள் கூலியும் கொடுத்தால் போதும். ஆணியில் பட்டுச் செயின் போனால் அதற்கும் கொடுக்க வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு மிஷின்காரன்