ஆண்டறிக்கை 2024–25: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நம் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வாய்க்கால் தூர்வாரக் கேட்ட மனு நிலுவையில் இருக்கிறது, மறுபடியும் கொடுத்திருக்கிறோம்.

இந்த ஆண்டின் முக்கியமான வேலை சாப்பாட்டு நோட்டு. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி புதுச்சேரியில் பெண்களில் 46.2 சதவீதமும் ஆண்களில் 43.3 சதவீதமும் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். நாடு முழுவதற்கும் அது பெண்களில் 24, ஆண்களில் 22.9. சென்ற பொதுக்குழுவில் இதை வாசித்ததும் எல்லாரும் பிரியாணியையும் பேக்கரியையும்தான் குறை சொன்னோம். அப்படியானால் எழுதியே பார்த்துவிடலாம் என்று முடிவானது. விருப்பப்பட்டவர்கள் காபி, முறுக்கு உட்பட வாயில் போட்ட அத்தனையையும் நேரத்தோடு எழுதினார்கள்.

நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்து எல்லாம் நின்றது. தண்ணீர் வடிந்து, வீடு கழுவி, பொங்கல் முடிந்த பிறகுதான் மறுபடி தொடங்கினோம். பலர் முதல் நோட்டையே வெள்ளத்தில் விட்டிருந்தார்கள். அப்படியும் விடாமல் புது நோட்டு வாங்கி எழுதியவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

நோட்டுகளைப் பார்த்தால் பிரியாணி எப்போதாவதுதான் வருகிறது. தினமும் வருவது காபி. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால், ஒருவருக்கு மாதம் சுமார் ஒரு கிலோ. குடித்தது சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

மகளிர் எழுதிய நோட்டுகள்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. காலையில் பிள்ளைகளையும் வீட்டுக்காரரையும் அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு மிச்சமிருக்கும் இட்லி. பிள்ளை தட்டில் வைத்துவிட்டுப் போனது வீணாகக்கூடாதென்று அதுவும். மத்தியானம் மூன்று மணிக்குச் சோறு. ராத்திரி பத்தரைக்கு வேலை முடிந்து வருகிறவருக்குத் தோசை ஊற்றும்போது கூடவே இரண்டு. "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்ல, எப்படிதான் குண்டாகுறனோ" என்று சொல்லிவந்த ஒரு அக்கா, தன் நோட்டைத் தானே வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. இது அவர் தவறில்லை. அவர் பசிக்கென்று அந்த வீட்டில் ஒரு நேரம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஆகவே ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் வீடே சேர்ந்து முடிப்பதென்று சில குடும்பங்கள் ஆரம்பித்திருக்கின்றன. நேரம் கழித்து வருகிறவர் தன் தோசையைத் தானே ஊற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, தட்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 கலோரிக்குச் சொல்வது தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, காய்கறியும் கீரையும் 400. நம் வீடுகளில் சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருக்கிறது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. அப்படிச் சாப்பிட்டால் நாலு மணிக்குள் பசிக்கும், பஜ்ஜிக் கடைக்குக் கால் போகும். மீன் வாங்குகிறவர்கள் வறுவலைக் குறைத்துக் குழம்பாக வைத்தாலே எண்ணெய் நன்றாக மிச்சப்படுகிறது.

சங்கக் கூட்டங்களில் பஜ்ஜியும் ரோஸ்மில்க்கும் நிறுத்தி, சுண்டலும் மோரும் வைத்தோம். முதல் கூட்டத்தில் முணுமுணுப்பு இருந்தது. மூன்றாவதில் சுண்டல் போதவில்லை.

எடை பார்ப்பதோடு இடுப்பளவும் எடுத்தோம். வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஒல்லியாகத் தெரிகிற சிலரும் தாண்டியிருந்தார்கள்.

வரும் ஆண்டும் நோட்டு தொடரும். இந்த முறை ஆண்களும் முழுதாக எழுத வேண்டும். டீக்கடையில் நின்று சாப்பிட்டதைப் பலர் விட்டுவிட்டீர்கள். அளவு நாடா என் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை யாரும் வரலாம்.

செயலாளர்